தெற்குச் சுவர்

"அத்தை, மாமா போட்டோ எந்தச் சுவத்துல?"

சாஹித்யா கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் வைக்கவும் தெரியாது. செகந்திராபாத்தை அடுத்த அல்வாலில் கட்டி முடித்த புது வீட்டின் கூடத்தில், பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் போட்டோ சட்டங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கிழக்குச் சுவருக்கு அவளும் அவள் புருஷன் சாய்கிருஷ்ணாவும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு வண்ணம் அடித்தாகிவிட்டது. அதன்மேல் பெரிய மரம் ஒன்றை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தாள். கிளைக்கு ஒரு படமாக இரண்டு குடும்பத்து ஆட்களையும் மாட்டவேண்டும் என்பது அவள் திட்டம். இன்டர்நெட்டில் எங்கோ பார்த்திருக்கிறாள்.

அந்த மரம் உயிரோடு இருப்பவர்களுக்கு. போய்ச்சேர்ந்தவர்களுக்குத் தெற்குச் சுவர். அங்கே சாய்கிருஷ்ணாவின் தாத்தாவும் பாட்டியும் சந்தனமாலையோடு ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் விட்டு, சின்ன சிவப்பு பல்பு போட எலக்ட்ரீஷியன் ஒயரும் இழுத்து வைத்திருந்தான். அந்த ஒயரை அங்கே இழுக்கச் சொன்னது யார் என்று அவள் மாமியார் தங்கம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

தங்கத்தின் புருஷன் நாராயணசாமி மரத்திலும் சேர்த்தியில்லை, தெற்குச் சுவரிலும் சேர்த்தியில்லை. அவர் காணாமல் போனவர்.

"அப்பறம் பாத்துக்கலாம்மா," என்று சொல்லிவிட்டுத் தங்கம் சமையலறைக்குப் போனாள். அங்கே அடுப்பு இன்னும் வந்திருக்கவில்லை. புது மேடைக் கல்லைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தங்கம் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல்லுக்கட்டு சப்ளை செய்ய வந்த பாட்டன் வழியில் வந்த குடும்பம். குதிரைகள் போய்விட்டன, குடும்பம் தங்கிவிட்டது. வீட்டுக்குள்ளே தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் உருது என்று மூன்றையும் கலந்து பேசி வளர்ந்தவள். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று வீட்டுத் தமிழிலும் உருது வந்து விழும். அவளுக்கு வாய்த்த நாராயணசாமியும் அதே மாதிரிக் குடும்பம்தான். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் லேத் மிஷின் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, குரலை உயர்த்திப் பேசக்கூட மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையே என்று அந்தக் காலத்தில் தங்கமே அலுத்துக்கொண்டதுண்டு. பிற்பாடு ஊரே அவரைப் பற்றிச் சொல்லித் தீர்த்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடையில் ஒரு சாயங்காலம், வழக்கமாக இறங்கும் அல்வால் முனைக்கு ரொம்ப முன்னாலேயே, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். "மாம்பழம் வாங்கிட்டு வூட்டுக்குப் போறேன்," என்று டிரைவரிடம் சொன்னாராம். அவ்வளவுதான். டிபன் பையோடு இறங்கிய மனுஷனை அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நிஜாமாபாத்தில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்றார்கள். லாரி அடித்திருக்கும், யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றார்கள். தங்கத்தின் முகத்துக்கு நேரே வந்து, "நீதான் ஏதாச்சும் சொல்லிட்டியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் காலையில் அவரிடம் சொன்னது, "தயிர் சாதத்துல உப்பு கம்மி, பாத்துக்கோங்க," என்பது மட்டும்தான். அதைக்கூட அவள் பல வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். உப்புக்காக ஒருவன் வீட்டை விட்டுப் போவானா?

அதற்கப்புறம் தையல் மிஷின். அல்வாலில் பாதிப் பெண்கள் போட்டுக்கொண்டிருந்த ஜாக்கெட் அவள் தைத்ததாகத்தான் இருக்கும். மகனை அவள் அதில்தான் படிக்கவைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சங்கடம், அவள் நெற்றியில் இருந்த பொட்டு. வரலட்சுமி நோன்பு வந்தால் தெருப் பெண்கள் கையில் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். கடைசியில் ஏதாவது ஒரு சின்னப் பெண்ணின் கையில் தட்டைக் கொடுத்து அனுப்புவார்கள், குழந்தை கொடுத்தால் தோஷமில்லை என்று. தங்கம் அந்தக் குழந்தையிடம் சிரித்தபடி வாங்கி, பெரிதாக ஒரு பொட்டு வைத்துக்கொள்வாள். வீம்புக்கு வைத்த பொட்டு அது. பிறகு வீம்பும் அலுத்துப்போய் நோன்புக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அனாதைப் பிணம் ஏதாவது வந்தால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். போய்ப் பார்க்கவேண்டும். அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், இடது கால் கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். இரும்பு விழுந்து கறுத்துப்போன நகம் அவருக்கு. இருக்காது. வெளியே வந்து பைப்படியில் கை கால் கழுவும்போது, அவர் இல்லை என்று நிம்மதியாக இருக்கும். கூடவே, அவராக இருந்திருந்தால் இன்றோடு முடிந்திருக்குமே என்றும் இருக்கும். இப்படி நினைத்ததற்காகத் தன்னைத் தானே வைதுகொண்டு பஸ் ஏறுவாள். அவர் திரும்பி வந்தால் முதலில் ஓங்கி ஓர் அறை விடவேண்டும், பிறகுதான் சோறு என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அறைக்காகவாவது அவர் உயிரோடு இருந்தாகவேண்டும்.

அவருடைய அண்ணன் ஜெகநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். வீடு பார்க்க வந்தவர், ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து, பூச்சு சரியில்லை என்று சொல்லி முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.

"இருவது வருசம் ஆயிடுச்சும்மா. காணாம போனவங்களுக்குப் பன்னெண்டு வருசம்தான் கணக்கு. அதுக்கு மேல தர்ப்பையில உருவம் பண்ணி காரியத்தை முடிச்சுடலாம்னு சாஸ்திரத்துலயே இடம் இருக்குது. புது வூட்டுக்குள்ள சந்தேகத்தோட நுழையக்கூடாது."

"சந்தேகம் உங்களுக்குத்தான். எனக்கு இல்ல."

"அப்ப எங்கே இருக்கான் சொல்லு."

"உங்க கூடப்பொறந்தவரைப் புல்லுல கட்டிக் கொளுத்தறதுக்கு, உங்களுக்குக் கைக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டாள் தங்கம்.

ஜெகநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் தம்பியைத் தேடி நிஜாமாபாத் வரை அலைந்தவர்தான். "காரியத்தை அப்பறம் ராமேஸ்வரத்துல வச்சுக்குவோம். மொதல்ல படத்தை மாட்டி ஒரு மாலையைப் போடுங்க. வர்ற ஜனம் கேக்கும் இல்ல? மருமவ வூட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மாலைதான் விஷயம். படத்தை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஆணிக்கு ஒன்றும் தெரியாது. மாலை விழுந்துவிட்டால் அவர் இறந்துபோனவர். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? விளையாட்டுக்குப் போட்டால்கூட வீட்டுப் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு முழம் பூவுக்கும் தன் நெற்றியில் இருக்கும் பொட்டுக்கும் நடுவில் தங்கம் இருபது வருஷமாகக் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள்.

மகன் தன் பக்கம் இருப்பான் என்று நம்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாய்கிருஷ்ணா புது வீட்டுப் படுக்கையறையில் ஜன்னல் கண்ணாடியில் தெறித்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"சாயி, அப்பா போட்டோவை அந்த மரத்துலயே மாட்டிடலாம்டா. மேல கிளையில, சின்னதா. மாலை கீலை ஒண்ணும் வேணாம்."

"மரத்துல நக்கோம்மா."

"கைக்குடா?"

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. சாதாரணமாக அவள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வான். ஆபீஸ் விஷயம், பெரிய விஷயம் என்றால் இங்கிலீஷ். அன்று தமிழில் பேசினான், வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்து வைப்பவன் மாதிரி.

"அம்மா, நான் டெய்லி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன், ஞாபகம் இருக்கா உனக்கு?"

எப்படி மறக்கும்? அவர் போனபோது அவன் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்தான். பள்ளிக்கூடம் திறந்த பிறகும், விட்டதும் பையை வீட்டில் எறிந்துவிட்டு அல்வால் முனைக்கு ஓடுவான். கம்பெனி பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, பஸ் கிளம்பிப் போகும்வரை நிற்பான். பிறகு ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தங்கமும் ஏன் என்று கேட்கவில்லை.

"கடைசியா போன அன்னைக்கு ஒரு அங்கிள் எறங்கினாரு. அப்பா மிஷினுக்குப் பக்கத்து மிஷின். என்னைப் பாத்துட்டு, 'உங்கப்பாவுக்கு நீங்க வேணாம்பா, வேணும்னா வந்திருப்பான்ல'ன்னாரு. அவரு திட்டலம்மா. பாவம்னு தலையைத் தடவிக்கிட்டேதான் சொன்னாரு."

தங்கம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். வண்ணம் இன்னும் காயவில்லை, உள்ளங்கையில் ஒட்டியது.

"அப்பா உயிரோட இருந்தாருன்னா, நம்மள வேணாம்னு போனவரும்மா. செத்துட்டாருன்னா, வர முடியாதவரு. எனக்கு அந்த ரெண்டாவது அப்பா வேணும். நாளைக்கு எனக்குக் குழந்தை பொறந்து, தாத்தா எங்கேன்னு கேட்டா அவரைத்தான் நான் காட்ட முடியும். நீ அவரை உயிரோட வச்சிருக்க. நீ வச்சிருக்கற வரைக்கும், டெய்லி அவர் என்னை வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

அவள் மகன் அழுது பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் நின்று, எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும் என்று அவள் வேண்டியதெல்லாம் இந்தப் பிள்ளையின் தலையில் கல்லாக விழுந்திருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்து சொல்லவில்லை. அவளும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. பெற்ற மனம் பித்து என்கிறார்கள். அவளுடைய பித்து புருஷன் பக்கமே சாய்ந்து கிடந்திருக்கிறது.

"அவரு வந்துட்டாருன்னா?" என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

"வந்தா, நானே படத்தைக் கழட்டறேன்மா. கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன்."

"செய்டா," என்றாள் தங்கம். "மாட்டிடு."

வாய் சொல்லிவிட்டது, மனசு ஒப்பவில்லை. அந்த வாரம் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யாருடைய ஜாக்கெட்டிலோ வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். ஒரு சாயங்காலம் காரணமே சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அல்வால் முனைக்குப் போய் நின்றாள்.

கம்பெனி பஸ் இப்போதும் வந்தது. வண்ணம் மாறியிருந்தது. இறங்கியவர்களில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, அவருடைய செட்டெல்லாம் ரிட்டையராகிப் போய்விட்டது. காதில் போனை வைத்துக்கொண்டு பையன்கள் இறங்கினார்கள். தங்கம் ஒவ்வொருவனுடைய காலையும் பார்த்தாள், செருப்பையும் ஷூவையும் பார்த்தாள். இன்றைக்காவது இறங்குங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். மாம்பழம் வேண்டாம், காரணம் வேண்டாம், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அறைகூட வேண்டாம். இறங்கிவிடுங்கள். இந்த வாரம் இறங்காவிட்டால் வீட்டில் உங்களைக் கொன்றுவிடப்போகிறோம், நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பஸ் கிளம்பிப் போனது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன், "எங்கேம்மா போகணும்?" என்று தெலுங்கில் கேட்டான். வீட்டுக்கு என்றுகூட அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

படத்தைக் கடையிலிருந்து வாங்கிவரும் வேலை அவள் தலையிலேயே விழுந்தது. சாய்கிருஷ்ணாவுக்கு ஆபீஸ் முடிய நேரமாகும். கடை என்பது அல்வால் கடைத்தெருவில் ஃபாத்திமா நடத்தும் ஸ்டூடியோ. ஃபாத்திமாவின் அப்பா ஆம்பூரிலிருந்து வந்தவர், அதனால் தங்கத்திடம் தமிழில்தான் பேசுவாள். அவளுக்கு ஜாக்கெட் தைப்பதும் தங்கம்தான்.

நாராயணசாமி போட்டோவுக்கு நிற்கிற ஆள் இல்லை. இருந்த ஒரே நல்ல படம் கல்யாணப் படம். பாணிக்கிரகணத்தின்போது, அய்யர் சொன்னபடி அவர் தங்கத்தின் வலது கையை விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. கறுப்பு வெள்ளை. இரண்டு பேர் கழுத்திலும் ஆளுயர மாலை, இரண்டு பேர் முகத்திலும் பயம்.

ஃபாத்திமா சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். பெரிய படம். கலர் ஏற்றி, பின்னால் நீல வானம் வைத்திருந்தாள். அந்த வானத்துக்கு முன்னால் நாராயணசாமி தனியாக நின்றார். முகம் நன்றாக வந்திருந்தது. கழுத்து வெறிச்சென்று இருந்தது.

"மாலை எங்கே?" என்றாள் தங்கம்.

"சாயி சார்தான்க்கா எடுத்துடச் சொன்னாரு. மாலை மேல மாலை போட்டா நல்லா இருக்காதுன்னு. கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன். கஷ்டமான வேலை, சட்டை காலரெல்லாம் நானே வரைஞ்சேன்."

மாலை போயிற்று. பக்கத்தில் கூறைப்புடவையோடு நின்ற பெண்ணும் போய்விட்டாள், அவள் நின்ற இடத்தில் மேகம் இருந்தது. தங்கம் தன்னையே ஒரு கணம் தேடினாள். பிறகு கண்டுபிடித்தாள்.

படத்தின் அடியில், சட்டத்தை ஒட்டி, நாராயணசாமியின் கை மூடியிருந்தது. மூடிய கைக்குள்ளிருந்து நாலு விரல் நுனிகள் எட்டிப் பார்த்தன, மருதாணி வைத்துக் கறுத்த நுனிகள். முழங்கையும் மணிக்கட்டும் வளையலும் அழிந்துவிட்டன. விரல்கள் தப்பிவிட்டன.

ஃபாத்திமாவும் அப்போதுதான் பார்த்தாள். "அல்லா! கவனிக்கவே இல்லக்கா. உக்காருங்க, ரெண்டு நிமிசம், அழிச்சு வேற பிரிண்ட் போட்டுத் தர்றேன்," என்று நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் அந்த விரல்கள் பெரிதாக வந்தன, ஒவ்வொன்றும் வாழைக்காய் அளவுக்கு.

"நக்கோ," என்றாள் தங்கம்.

"அசிங்கமா தெரியும்க்கா. யாரு கைன்னு கேப்பாங்க."

"இருக்கட்டும் ஃபாத்திமா. அது அவரு புடிச்ச கை. அவரு விடலையே, நீ எதுக்கு எடுத்துவிடற?"

ஃபாத்திமா கம்ப்யூட்டரை அணைத்தாள். படத்தைச் சுற்றிக் கொடுத்தாள். தங்கம் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததில் கொஞ்சம் கள்ளத்தனமும் இருந்தது. உயிரோடு இருப்பவளின் விரல் இருக்கிற படத்துக்கு மாலை போட யாருக்குக் கை வரும்? கடைசி வழியாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முழுகப் போகிறவள் புல்லைப் பிடித்த மாதிரி.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் பிற்பகல் படம் மாட்டுவது என்று முடிவு. ஜெகநாதன் மோண்டா மார்க்கெட்டுக்குப் போய் ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய மாலை வாங்கிவந்தார். "சின்னதா கேட்டேன், இதுதான் இருந்துச்சு," என்றார். கல்யாணத்துக்குக் கட்டிய மாலை மாதிரியே இருந்தது. யாருடைய கல்யாணமோ நின்றிருக்கும்.

சாய்கிருஷ்ணா தெற்குச் சுவரில் டிரில் போட்டான். புது வண்ணத்தின் மேல் சிமெண்டுத் தூள் வழிந்தது. சாஹித்யா துணியால் துடைத்தாள். படத்தைத் தூக்கி மாட்டி, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிவப்பு பல்பைப் போட்டார்கள். பிறகு அவன் மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினான். தங்கம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை உயர்ந்தது, நின்றது.

"அம்மா, இது யார் கை?"

"என்னுதுடா."

சாஹித்யா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விரல்தானே?" என்றார் ஜெகநாதன். "மாலை வந்து மூடிக்கும். போடுப்பா, எமகண்டம் வந்துடப்போவுது."

"உயிரோட இருக்கறவங்களுக்குப் போடக்கூடாது பெரியப்பா."

"நான்தான் சொல்றேனே..."

"எங்கம்மா அது!" என்று சாய்கிருஷ்ணா கத்தினான். அந்த வீட்டில் கேட்ட முதல் உரத்த குரல் அதுதான். ஸ்டூலிலிருந்து இறங்கினான். மாலையைத் தரையில் கிடந்த செய்தித்தாள்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

தங்கம் ஜெயித்துவிட்டாள். மாலை விழவில்லை. நாராயணசாமி உயிரோடு இருந்தார், அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வெறும் கழுத்தோடு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இப்படியே இருக்கலாம். அவள் சந்தோஷப்பட முயன்று பார்த்தாள்.

ஜன்னல் வழியாகப் பிள்ளை தெரிந்தான். வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மற்றக் காலின்மேல் வைத்து நின்றுகொண்டிருந்தான். தெருவின் கோடியில் அல்வால் முனை தெரியும். அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வரும் நேரம்கூட இல்லை. தலையில் ஆங்காங்கே நரை எட்டிப் பார்க்கிற ஆண்பிள்ளை, ஆபீஸில் அத்தனை பேருக்கு மேலே இருப்பவன், இப்படித்தான் அன்றைக்கும் நின்றிருப்பான். அப்போது அவள் கூடப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறாள்.

வராத மனுஷன் ஒருவனுக்காக, வாசலில் நிற்கும் இவனை எத்தனை நாள் நிற்கவைப்பது?

அவள் கூடத்துக்கு வந்தாள். மாலையை எடுத்தாள். கனமாக இருந்தது, நார் ஈரமாக இருந்தது. ஸ்டூலில் ஏறப்போனபோது சாஹித்யா ஓடிவந்து, "அத்தை, நக்கோ அத்தை, நீங்க போடக்கூடாது," என்று முந்தானையைப் பிடித்தாள்.

"ஸ்டூலைப் புடிச்சுக்கோம்மா. ஆடுது."

நாராயணசாமியின் முகம் நேருக்கு நேராக வந்தது. அவர் கழுத்தில் முதன்முதலாக மாலை போட்டபோது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, கூச்சம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மாலையைக் கம்ப்யூட்டர் எடுத்துவிட்டது. இப்போது நன்றாகப் பார்த்தாள், காலரையும் காதையும், மருண்ட கண்ணையும் பார்த்தாள். "எங்கே போனீங்க?" என்று கேட்டாள். சாஹித்யாவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

பிறகு மாலையைப் போட்டாள்.

அது கீழே வரை இறங்கி, பிடித்த கையையும் பிடிபட்ட விரல்களையும் மூடிக்கொண்டது. தங்கம் ரோஜாச் சரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, தன் விரல்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டாள். ஜெகநாதன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் பெயரைச் சொல்லி அவர் அழுது அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். நெற்றிப்பொட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அவள் வாசலுக்குப் போனாள். கையெல்லாம் சம்பங்கி வாசனை.

"சாயி, உள்ள வாடா," என்றாள். "அப்பாவால வர முடியலடா. பாவம்டா, வரவே முடியல அவரால."

அவன் திரும்பி, அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கேட்டை விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். புது வீடாயிற்றே என்று யாரும் அவனைத் தடுக்கவில்லை.